பரணில் கிடைத்த தட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டில் கேட்கும் இசைத்தட்டுகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன். ஏற்காட்டில் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் வெள்ளையாகப் பூஞ்சை. ‘எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கிறதே’ என்கிறார்கள் வீட்டில். இன்று இதைக் கேட்டேன் என்று நாலு பேரிடம் சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார்களோ என்றும் தயக்கம்.

க., ஏற்காடு

அன்புள்ள க.,

தாராளமாகச் சொல்லுங்கள். பழைய கர்நாடக இசைத்தட்டுகளின் லேபிளில் பாடியவர் பெயரும் ராகமும் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பெரும்பாலும் இருக்காது. நாம் ஒன்றைக் கேட்டதாகச் சொன்னால்தான், விவரம் தெரிந்த யாராவது ‘அந்த மிருதங்கம் இன்னாருடையது’ என்று எடுத்துக்கொடுப்பார். போனில் கிடைப்பதிலோ யாரோ ஏற்றியபோது ராகத்தின் பெயரையே தப்பாகப் போட்டிருப்பார்கள்.

இந்த வாரம் சேலத்தில் என் வீட்டில் ஓடுவது நாதஸ்வரக் கலைஞர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். மேடையில் மணிக்கணக்கில் வாசித்தவர். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அதற்குள் அவசரம் தெரியாமல் ராகத்தை நிலைநிறுத்திக்காட்டுகிறார். அப்புறம், ‘மந்திரி குமாரி’ (1950) பாட்டுகள். ஜி.ராமநாதன் இசை, நம்மூர் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். ஏற்காடு போகிற சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தானே நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள்! திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’ பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பூஞ்சைக்கு வருவோம். மலையின் ஈரத்துக்கு அது வரத்தான் செய்யும். கனமாக, கொஞ்சமும் வளையாமல் இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. அதன் மேல் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மெல்லிய துணியை நனைத்து, வரி (முள் ஓடும் பள்ளம்) போகும் திசையிலேயே சுற்றித் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. நிழலில் உலர்த்தி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது விரிசல் விடும். சேலத்துக்குக் கொண்டுவரும் எல்பி (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு) எதையும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், நெளிந்துவிடும்.

முள் விஷயம் இன்னும் முக்கியம். 78 தட்டின் வரி அகலம். எல்பி முள்ளைப் போட்டால் அது அடியில் இறங்கி, இரைச்சல்தான் கேட்கும். அதற்கென்றே அகலமான முள் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

துடைத்ததும் லேபிளில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் குறித்து அனுப்புங்கள். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொடியாக ஒரு எண் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பாட்டை இரண்டு தடவை பதிவு செய்திருந்தால், உங்களிடம் இருப்பது எது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.