இட்லிப் பொடி பெயரை வேறொருவர் பதிவுக்குப் போட்டுவிட்டால்

2019 முதல் நீங்கள் விற்கும் இட்லிப் பொடியின் பெயரையே வேறொருவர் டிரேட்மார்க் கேட்டு, அது போன மாதம் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஜர்னலில் வந்துவிட்டது, எல்லாம் போச்சா என்கிறீர்கள். போகவில்லை. ஜர்னலில் வெளியான நாளிலிருந்து 4 மாதம் எதிர்ப்பு தெரிவிக்கலாம். படிவம் டிஎம்-ஓ, ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் வகைக்கு) 2,700 ரூபாய். அந்தக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள், நீட்டித்துத் தரமாட்டார்கள்.

இந்தியச் சட்டத்தில் முதலில் பதிந்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கே பலம். 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் வாய்வார்த்தை எடுபடாது. லேபிள் அச்சடித்த பிரஸ் பில், கடைகளுக்குப் போட்ட பழைய பில், தேதியோடு பேஸ்புக்கில் போட்ட பாக்கெட் படம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பெயரும் தேதியும் ஒரே தாளில் இருந்தால் அதுதான் தங்கம். ஜிஎஸ்டி எண் வாங்கியதாலேயே பெயர் உங்களுடையதாகிவிடாது, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கையோடு உங்கள் பெயரிலும் டிஎம்-ஏ, அதாவது பதிவு விண்ணப்பம், போடுங்கள். பொடிக்கு வகுப்பு 30, தனிநபருக்கு 4,500 ரூபாய். ஊறுகாயும் விற்றால் அது வகுப்பு 29, தனிக் கட்டணம். 'எப்போதிலிருந்து பயன்பாடு' என்ற இடத்தில் 2019 தேதியைப் போட்டு, பிரமாணப் பத்திரமும் இணையுங்கள்.

அப்புறம், பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஆர் இப்போதே போடாதீர்கள். பதிவாகுமுன் அது குற்றம். டிஎம் (TM) என்ற எழுத்துகளைப் போடலாம். எதிர்ப்பு மனுவை மட்டும் வக்கீலிடம் எழுதி வாங்குவது நல்லது.