கேள்வி - பதில்: குட்டை ரிவால்வர் தூரத்தில் தவறுவது ஏன்?

கேள்வி: இரண்டு அங்குலக் குழல் உள்ள .38 ஸ்பெஷல் ரிவால்வர் வாங்கினேன். ஐந்து தோட்டா பிடிக்கும். 7 கெஜத்தில் பழுதில்லாமல் சுடுகிறேன். 25 கெஜத்தில் பாதிக் குண்டு தாளிலேயே படுவதில்லை. குழல் குட்டையாக இருப்பதுதானே காரணம்? (வாசகர், டாலஸ்)

பதில்: பழியைக் குழல் மேல் போடாதீர்கள். அசையாத தாங்கியில் இறுக்கி வைத்துச் சுட்டால், நல்ல தோட்டாவின் துளைகள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும். உங்கள் துப்பாக்கியில் உண்மையிலேயே குட்டையாகிப் போனது குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் (குழல் முனையில் உள்ள மேடு) பின் சைட்டுக்கும் (கண் பக்கம் உள்ள பள்ளம்) நடுவே உள்ள இடைவெளி. சுமார் நாலு அங்குலம். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 கெஜத்தில் குண்டு 9 அங்குலம் தள்ளிப் போகும், 50-ல் 18. ஆறு அங்குலக் குழல் என்றால் இதே தப்புக்கு ஏறக்குறைய பாதித் தண்டனைதான்.

அப்புறம் ட்ரிகர். துப்பாக்கியின் எடை அரைக் கிலோ சொச்சம், ட்ரிகருக்கு வேண்டியதோ ஐந்து கிலோவுக்கு மேல். விரல் இழுக்கும்போது கை சும்மா இருக்குமா?

ஹூஸ்டன் பக்கம் நான் பழக ஆரம்பித்த நாளில், எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் இரண்டு நல்ல தோட்டாவும் மூன்று வெற்று உறையும் போட்டு, சிலிண்டரை, அதாவது தோட்டா பிடிக்கும் உருளையை, சுழற்றி, நான் பார்க்காதபடி மூடித் தந்தார். முதல் இழுப்பில் ‘டிக்’ என்ற சத்தம்தான் வந்தது. ஆனால் குழல் முனை பட்டென்று இரண்டு விரற்கடை கீழே குனிந்தது. வராத வெடிக்கு என் கை கும்பிடு போட்டிருக்கிறது! அன்றைக்கு 50 தோட்டா கொண்டுபோனேன், சுட்டது 14. மீதி நேரமெல்லாம் ‘டிக்’தான். இன்றும் வார இறுதியில் என்னிடம் பழக வருபவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

கண் முன் சைட்டில் இருக்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். எனக்கு 50 வயதுக்கு மேல் முன் சைட்டே மங்கிவிட்டது. கைநீளத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டேன். முன் சைட்டில் மனைவியின் ஆரஞ்சு நகப்பூச்சு ஒரு பொட்டு. (கேட்காமல் எடுத்தது தனிக் கதை.) கைப்பிடி சிறிதாகி சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கினால் பெரிய ரப்பர் பிடி மாட்டுங்கள்.

25 தாண்டினால் குண்டு இறங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 158 கிரெயின் (சுமார் பத்து கிராம்) குண்டு 50 கெஜத்தில் ஏறத்தாழ 5 அங்குலம் தாழும், 100-ல் இரண்டு அடிக்கு மேல். அதற்காக இலக்குக்கு மேலே வெற்று வெளியில் குறி பார்க்காதீர்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் காட்டிய வழி நல்லது: பின் சைட்டின் பள்ளத்துக்கு மேலே முன் சைட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அதன் தலையில் இலக்கை உட்கார வைப்பது. எவ்வளவு தூக்குவது என்பதைப் பின்னால் மண்மேடு உள்ள ரேஞ்சில் நீங்களே சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டாவை மாற்றினால் கணக்கும் மாறும். எடை குறைந்த குண்டு பெரும்பாலும் இன்னும் கீழே படும், ஏனென்றால் உதையில் குழல் மேலே எழும்புவதற்குள் அது வெளியே போய்விடும்.

கேள்வி: ஹாமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியலை) கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுடலாமா?

பதில்: 50 கெஜத்தில் தாராளமாக. ட்ரிகர் இலேசாகிவிடும். ஹாமர் உள்ளே மறைந்திருக்கும் மாடல் என்றால் வழியில்லை. எப்படிச் சுட்டாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்குப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சீறும் வாயு தோலைக் கிழித்துவிடும்.

கேள்வி: டிசம்பரில் சென்னை போகிறேன். தோட்டா உறை ஒன்றை நினைவுப் பொருளாக எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பை ஓரத்தில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக, 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் விமான நிலையத்தில் வழக்கு வாங்கியவர்கள் உண்டு. ரேஞ்சுக்குத் தூக்கிப் போகும் பையைப் பயணத்துக்கு எடுக்காமல் புதுப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.