புகையானின் குட்டை இறக்கைக்கு ஆர்.என்.ஏ. காரணமா?

கேள்வி: நெல் தூர் கட்டும் பருவம். விளக்குப்பொறியில் புகையான் (நெல்லின் சாறு உறிஞ்சும் பூச்சி) விழவில்லை. ஆனால் தூரடியில் குட்டை இறக்கைப் பூச்சிகள் மண்டிக் கிடக்கின்றன. இந்தக் குட்டை இறக்கைக்குப் பூச்சியின் உடம்பிலுள்ள சிறு ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள்தான் காரணம், அதையே தெளித்தால் பூச்சி பெருகாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படி மருந்து இருக்கிறதா?

பதில்: காரணம் சொன்னது ஓரளவு சரி, மருந்து சொன்னது தவறு.

முதலில் பொறி. குட்டை இறக்கைப் புகையானால் பறக்க முடியாது, அதனால் அது விளக்குக்கு வராது. பொறி காலியாக இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். உடம்பைப் பாதிதான் மூடும் இறக்கையோடு, வயிறு புடைத்து உட்கார்ந்திருப்பவை தாய்ப்பூச்சிகள். நீள இறக்கை உள்ளவற்றைவிட இவை சீக்கிரம் முட்டையிடத் தொடங்கும், முட்டையும் அதிகம். இலையுறைக்குள் கீறிச் செருகுவதால் முட்டை கண்ணுக்கு எளிதில் படாது.

எந்தக் குஞ்சுக்கு எந்த இறக்கை என்பது பிறப்பிலேயே முடிவாவதில்லை. பயிர் செழிப்பாக, கூட்டம் குறைவாக இருந்தால் குட்டை இறக்கை. நெருக்கடி வந்தாலோ பயிர் முற்றினாலோ நீள இறக்கை முளைத்து வேறு வயலுக்குக் கிளம்பிவிடும். உடம்புக்குள் இதை நடத்துவதில் இன்சுலின் ஏற்பிகளுக்கு, அதாவது இன்சுலின் தரும் சமிக்ஞையை வாங்கும் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலாம் ஏற்பி வேலை செய்தால் இறக்கை நீளும். மிர்-34 என்ற நுண் ஆர்.என்.ஏ. அந்த ஏற்பிக்கான செய்தி ஆர்.என்.ஏ.வை (அதைத் தயாரிக்கும் குறிப்பைச் சுமப்பது) பிடித்துக்கொண்டு, ஏற்பி உருவாவதைக் குறைக்கிறது. இந்த வகை ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றும் சுமார் 22 எழுத்து நீளம்தான். புரதம் எதையும் தயாரிக்காது, மற்ற மரபணுக்களை அடக்குவதே அதன் வேலை. இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீள இறக்கை வரவேண்டிய குஞ்சுக்குள் மிர்-34ஐ ஊசியால் கூடுதலாகச் செலுத்தியபோது இறக்கை சரியாக வளரவில்லை. அதாவது இதை வயலில் கொடுத்தால் பறந்து போகவேண்டியதும் இங்கேயே தங்கிவிடும்! தவிர, புகையான் இலையைக் கடித்துத் தின்பதில்லை, தண்டுக்குள் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாறு உறிஞ்சுகிறது. இலைமேல் படியும் ஆர்.என்.ஏ. அதன் வயிற்றுக்குள் போவது கடினம். உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு அமெரிக்காவில் ஆர்.என்.ஏ. தெளிப்பு மருந்து வந்திருப்பது உண்மைதான். அந்த வண்டு இலையைத் தின்பது, மருந்தும் வேறு வகை, இரட்டை இழை ஆர்.என்.ஏ.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? பாக்கி இருக்கும் யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து கூடினால் முட்டை கூடும். நீரை வடித்துத் தூரடி காயவிடுங்கள். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் ஒரு கிளைப்புக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லையென்றால் 1 வந்தாலே மருந்து தேவை. அப்போதும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மட்டும் வேண்டாம். அவை சிலந்தியைக் கொல்லும், தப்பிய புகையானை இன்னும் அதிகமாக முட்டையிட வைக்கும். எந்த மருந்தானாலும் நீரை வடித்தபின் தூரடியில் படும்படி அடியுங்கள். அடுத்த நடவில் 8 அடிக்கு ஒரு முறை ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுங்கள்.