தோத்தவங்க வாங்கிக் குடுத்தது

சார் வணக்கம். அமெரிக்க அரசியல் சட்டம் பத்தி நீங்க எழுதுனத படிச்சிட்டு அந்த சட்டத்த ஆதரிச்சு அப்போ பத்திரிகைகள்ல வந்த ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் 85 கட்டுரையும் படிச்சு முடிச்சேன். ஹாமில்டன், மேடிசன் வாதமெல்லாம் அசர வைக்குது. ஆனா ஒரு சந்தேகம். வர்ஜீனியா தலைவர் பேட்ரிக் ஹென்றி மாதிரி எதிர்த்து நின்னவங்க எல்லாம் தங்களோட மாநில அதிகாரம் போயிடுமேன்னு அடம் பிடிச்சவங்கதானே? இவ்ளோ பெரிய மூளைங்க உக்காந்து எழுதுனத மாநிலம் மாநிலமா ஓட்டுக்கு விட்டது வேண்டாத ரிஸ்க் இல்லையா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரிஸ்க்தான், சந்தேகமே இல்ல. ஒப்புதலுக்காக ஒவ்வொரு மாநிலத்துலயும் கூடுன மாநாட்டுல ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் விழுந்த ஓட்ட பாருங்க: மாசசூசெட்ஸ்ல 187க்கு 168, வர்ஜீனியால 89க்கு 79, நியூயார்க்ல 30க்கு 27. நியூயார்க்ல ரெண்டு பேர் மனசு மாறியிருந்தா கதை வேற. ஆனா அந்த ரிஸ்க் இல்லாம போயிருந்தா இன்னைக்கு அமெரிக்கக்காரன் தன்னோட அரசியல் சட்டம்னு பெருமையா சொல்ற பாதி விஷயம், பேச்சுரிமை, மத உரிமை, வாரண்ட் இல்லாம வீட்ட சோதனை போடக்கூடாதுங்கறது, இதெல்லாம் உரிமைப் பட்டியல்னு (பில் ஆஃப் ரைட்ஸ்) 1791ல வந்திருக்குமான்னே எனக்கு டவுட்.

முதல்ல எதிர்த்தவங்க பக்கம் என்ன நியாயம் இருந்துச்சுன்னு பாருங்க. 1787ல பிலடெல்பியால கூடுனவங்கள அனுப்புனது பழைய கூட்டமைப்பு சாசனத்த திருத்தறதுக்கு, அதுல ஒரு வரி மாத்தணும்னாலும் 13 மாநிலமும் சம்மதிக்கணும். இவங்க கதவ சாத்திக்கிட்டு ரகசியமா பேசி புதுசாவே ஒண்ணு எழுதி, அத அமலுக்கு கொண்டுவர 9 மாநிலம் போதும்னு அதுக்குள்ளயே எழுதிக்கிட்டாங்க. கேள்வி வராதா பின்ன? உரிமைப் பட்டியல் ஒண்ணு சேருங்கன்னு வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன் கடைசி வாரத்துல கேட்டப்போ ஒரு மாநிலம்கூட ஆதரிக்கல, அவரு கையெழுத்து போடாமயே கெளம்பிட்டாரு. அப்புறம் பென்சில்வேனியால கோரம் (சபை நடத்த வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு) இல்லாம பண்ணனும்னு எதிர்த்தரப்பு உறுப்பினருங்க சபைக்கு வராம இருந்தப்போ ஒரு கூட்டம் போய் ரெண்டு பேர தரதரன்னு இழுத்துட்டு வந்து சீட்ல உக்கார வெச்சாங்க. நாம நெனைக்கிற மாதிரி மகான்கள் உக்காந்து தத்துவ விசாரம் பண்ண கதை மட்டும் இல்ல இது.

ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் பத்தி, கோவிச்சுக்காதீங்க, அது ஓட்டு வாங்கித் தந்துச்சுங்கறது மிகைதான். நியூயார்க் பத்திரிகைகள்ல மாசக்கணக்கா வந்துச்சு, ஆனா அதே நியூயார்க்ல மாநாட்டுக்கு தேர்தல் நடந்தப்போ எதிர்த்தரப்பு 46 சீட்டு, ஆதரவுத்தரப்பு 19தான். பிற்பாடு அவங்க இறங்கி வந்ததுக்கு பெரிய காரணம், நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதா ஒப்புதல் குடுத்திருச்சு, வர்ஜீனியாவும் குடுத்திருச்சுன்னு சேதி வந்ததுதான், இனிமே வெளிய நின்னா தனியாத்தான் நிக்கணும்.

எனக்கு இந்த மொத்த கதையிலயும் முக்கியமான இடம் 1788 ஜனவரி கடைசி, மாசசூசெட்ஸ் மாநாடு நடந்த பாஸ்டன். ஆதரவுத்தரப்புக்கு எண்ணிக்கை பத்தல. அதுவரைக்கும் இருந்த நிலை என்னன்னா முழுசா ஏத்துக்கோ இல்லாட்டி தூக்கிப் போடு, நடுவுல ஒண்ணும் கெடையாது. அப்போதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, இப்போ நிபந்தனை இல்லாம ஒப்புதல் குடுத்துருங்க, கூடவே என்னென்ன திருத்தம் வேணும்னு பரிந்துரையும் அனுப்புங்க, பின்னாடி செஞ்சு தரோம்னு. இத முன்மொழிய ஆளு வேணுமே, கவர்னர் ஜான் ஹான்காக்க புடிச்சாங்க. மனுஷன் மூட்டு வலின்னு மாநாட்டுப் பக்கமே வராம காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு இருந்தாரு, அடுத்த தேர்தல்ல ஆதரவு தரோம்னு சொன்னதும் வந்துட்டாரு. அரசியல்! அதுக்கப்புறம் ஒப்புதல் குடுத்த மாநிலங்கள்ல மேரிலாந்த் தவிர மத்த எல்லாமே இதே மாதிரி திருத்தப் பட்டியலோடதான் குடுத்துச்சு.

இந்த வாக்குறுதிய காத்துல விட்டிருக்கலாம், ஜெயிச்சவங்க வழக்கமா அதத்தான் செய்வாங்க. ஆனா ஹென்றி விடல. வர்ஜீனியா சட்டசபைல தன்னோட பலத்த வெச்சு மேடிசன செனட்டுக்கு போகவிடாம தடுத்தாரு, மேடிசன் கீழ்சபைக்கு நின்னப்போ எதிர்ல நின்னது அரசியல் சட்டத்த எதிர்த்து ஓட்டு போட்ட ஜேம்ஸ் மன்றோ. உரிமைப் பட்டியல் அவசியமே இல்லன்னு பேசிட்டிருந்த மேடிசன், திருத்தம் கொண்டு வரேன்னு சொல்லித்தான் 336 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 1789 ஜூன்ல அவரே அத காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல வெச்சாரு. நாடாளுமன்றம் 12 திருத்தத்த மாநிலங்களுக்கு அனுப்புச்சு, 1791ல 10 தேறுச்சு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எதிர்த்தவங்க உண்மையில துடிச்சது வரி போடற அதிகாரத்த குறைக்கணும்னு, மத்திய அரசோட கை நீளக்கூடாதுன்னு. மேடிசன் அதையெல்லாம் நைசா விட்டுட்டு பெரும்பாலும் தனிமனித உரிமைகளையே எடுத்துக்கிட்டாரு. மறுபடி ஒரு மாநாடு கூட்டி எல்லாத்தையும் பிரிச்சு மேயணும்னு நியூயார்க் கெளப்புன பேச்சும் அதோட அடங்கிப் போச்சு. அதனால ஹென்றி கடைசி வரைக்கும் திருப்தியாகல, அவரு கேட்டது வேற கெடைச்சது வேற.

அடம் பிடிச்சவங்கன்னு சொன்னீங்களே, அந்தப் பக்கத்துல தங்களோட பதவிக்காக எதிர்த்தவங்களும் இருந்தாங்க, மறுக்கல. அடிமை முறைய அப்படியே விட்டு வெச்ச ஆவணம்ங்கற கறை ரெண்டு தரப்புக்கும் பொதுவானது, மேசனும் ஹென்றியும் அடிமைகள வெச்சிருந்தவங்கதான். நான் யாரையும் புனிதராக்க வரல.

நீங்க படிச்சது ஒருத்தர் போன்ல பேசறத பக்கத்துல இருந்து கேட்ட மாதிரி, மறுமுனை என்ன சொல்லுச்சுன்னு தெரியாது. எதிர்த்தரப்புல ப்ரூட்டஸ்ங்கற புனைபெயர்ல வந்த கட்டுரைகள தேடிப் படிங்க, குறிப்பா உச்ச நீதிமன்றத்துக்கு மேல கேள்வி கேக்க ஆளே இருக்காதுன்னு எச்சரிக்கிற பகுதி. அப்புறம் ஹாமில்டனோட 78வது கட்டுரைய திரும்ப எடுங்க, யாருக்கு பதில் சொல்லிட்டிருக்காருன்னு புரியும். ரெண்டையும் படிச்சிட்டு எழுதுங்க.