தீவனத்தைக் கூட்டினால் பால் கூடுமா? நோட்டுக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: ஐயா, 12 கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாட்டுக்கும் தினமும் போடும் அடர்தீவனத்தையும் கறக்கும் பாலையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். என் மகள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, ‘ஒட்டுறவுக் கெழு 0.8’ என்றும், ‘பால் = 2 × தீவனம் – 1’ என்றும் சொல்கிறாள். அப்படியானால் 2 கிலோ கூட்டிப் போட்டால் 4 லிட்டர் கூடுதலாக வருமா? பாலுக்கும் கொழுப்புக்கும் –0.6 என்று வந்திருக்கிறதே, அது மோசமா?

பதில்: மகள் போட்ட கணக்கு சரிதான். நீங்கள் எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்; அது –1க்கும் +1க்கும் இடையில்தான் வரும். 0.8 என்றால் தீவனம் அதிகம் தின்கிற மாடுகளே பெரும்பாலும் பாலும் அதிகம் தருகின்றன. எதனால் எது வந்தது என்று அந்த எண் சொல்லாது. உங்கள் தொழுவத்தில் யார் தீவனத்தை அளக்கிறார்கள்? நீங்கள்தான். உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று, கறவையைப் பார்த்துத்தானே போடுகிறீர்கள்? அப்படியென்றால் பால்தான் தீவனத்தைக் கூட்டியிருக்கிறது! ஈன்று இரண்டு மாதமான மாடு உச்சக் கறவையில் இருக்கும், அதற்குத் தீவனமும் அதிகம் விழும். கறவை வற்றப்போகும் மாட்டுக்கு இரண்டுமே குறைவு. ஈன்று எத்தனை நாள் என்பதையும் நோட்டில் சேர்த்து எழுதுங்கள்.

மகள் எழுதிய சமன்பாட்டுக்குத் தொடர்புப் போக்குக் கோடு என்று பெயர். அதில் தீவனம் பூஜ்யம் என்று போட்டால் மைனஸ் 1 லிட்டர் பால் வரும்! நீங்கள் அளந்த எல்லைக்கு வெளியே அந்தக் கோட்டை நீட்டக்கூடாது. 0.8ஐ அதாலேயே பெருக்கினால் 0.64. மாட்டுக்கு மாடு பாலில் உள்ள வித்தியாசத்தில் 64 சதவீதம் தீவன அளவோடு ஒத்துப்போகிறது, மீதி தீவன அளவோடு ஒத்துப்போகாத வித்தியாசம்.

–0.6 மோசமான எண் இல்லை, எதிர்த்திசையில் போகிறது என்று மட்டும் அர்த்தம். எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனம்) கலப்பு மாடு பால் அதிகம், கொழுப்பு குறைவு; ஜெர்சி கலப்பு அதற்கு நேர்மாறு. இரண்டையும் கலந்து வைத்திருந்தால் இப்படித்தான் வரும்.

ஒரேயடியாக 2 கிலோ கூட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி, மாடு தீனி எடுக்காமல் நிற்கும், கொழுப்பும் இறங்கும். நல்ல கறவையில் உள்ள இரண்டு மூன்று மாடுகளுக்கு மட்டும் அரை கிலோ கூட்டி, இரண்டு வாரம் அதே மாடுகளின் பாலை அளந்து பாருங்கள். பசுந்தீவனத்தை அப்போது மாற்ற வேண்டாம். கூடிய பாலின் விலை, அரை கிலோ தீவனத்தின் விலையைத் தாண்டினால் தொடருங்கள்.