கைபேசி இருக்கும்போது ஏன் கீற வேண்டும்?

மதிப்புக்குரிய ஐயா,

இலண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் படக்கூடத்தைப் பார்த்தேன். பழைய பறவை, தாவர ஓவியங்களுக்கு அருகில், இலத்திரன் நுணுக்குக்காட்டியால் எடுத்த பூச்சித் தலையொன்றின் பெரிய படமும் இருந்தது. அதன் பச்சையும் ஊதாவும் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று அறிந்தபோது மனம் சுருங்கிவிட்டது. ஊர் திரும்பினால் என் உயர்தர மாணவர்கள் கேட்கிறார்கள்: "கைபேசியில் எடுக்கலாமே, ஏன் ரீச்சர் கீற வேண்டும்?" என்ன சொல்வது?

உயிரியல் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த நிறம். இலத்திரன் கற்றை பூச்சியின் மேற்பரப்பை வருடிச் செல்லும்போது திரும்பிவரும் சைகையின் கூடுதல் குறைவு மட்டுமே பதிவாகிறது. ஒளியே அங்கு பயன்படாததால் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மூலப் படம் சாம்பல் நிறந்தான். கூட்டுக்கண் எது, மயிர் எது என்று கண் பிரித்தறியவே பின்னர் நிறமூட்டுகிறார்கள். அதை மறைத்தால்தான் பிழை. உங்களால் அறிய முடிந்தது என்றால் அங்கே மறைக்கவில்லை.

மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். கல்லடியில் எங்கள் முற்றத்துச் செவ்வரத்தைக்குக் காலையில் ஓர் ஆண் தேன்சிட்டு வரும். நீண்டு வளைந்த அலகுடையது. நிழலில் இருந்தால் வெறும் கறுப்பு. ஒரு கிளை தாண்டி வெயிலுக்கு வந்ததும் அதே கழுத்து ஊதாவாக மினுங்கும், ஏனெனில் அந்த மினுக்கம் இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் கோணத்தைப் பொறுத்தது. கைபேசி அந்தக் கணத்துப் பறவையைப் பிடித்துத் தரும். வரைபவரோ பல நாள் பார்த்து, எது அந்த இனத்துக்குரியது, எது அன்றைய வெயிலுக்குரியது என்று தாமே தீர்மானித்தாக வேண்டும். நூலிலுள்ள படத்தைப் பார்த்துக் கீறும் பிள்ளைக்கு அந்தத் தீர்மானம் எதுவும் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிரியை முன்னால் வைத்துக் கீறினால்தான் பயன்.

இந்த வேலையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டன், இலங்கையின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அந்தத் தொகுப்பு நீங்கள் போன அதே அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வரைந்தவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே. இலங்கையிலேயே பிறந்த கலப்பினத்தவர், நில அளவையாளராகப் பயின்றவர். அளந்து பழகிய அந்தக் கை பறவைக்குத் திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் என் முற்றத்துத் தேன்சிட்டுக்கு 1766இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இட்ட இனப்பெயரான லோட்டேனியஸ், ஆளுநரின் பெயரைத்தான் சுமக்கிறது. பெவெரேயின் பெயரை நாமாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இது என் நெடுநாள் மனக்குறை.

அடுத்த பாடத்துக்குச் சந்தையிலிருந்து புதிய நீலக்கால் நண்டு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். அதன் நீலம் ஒரு புரதத்தோடு பிணைந்த நிறப்பொருளால் ஆனது. கொதிநீரில் புரதம் குலைந்து சிவப்பு வெளிப்படுவதை ஒவ்வொரு பிள்ளையும் அம்மாவின் சட்டியில் பார்த்திருக்கும். மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் மதுசாரப் போத்தலிலும் அந்த நீலம் தங்காது. ஆகவே நிறம் மாறுமுன் நிறத்தைக் குறிக்கச் சொல்லுங்கள், கால்களின் மூட்டுகளை எண்ணச் சொல்லுங்கள், விரும்பினால் கைபேசியிலும் எடுக்கட்டும். கீறி முடித்ததும் நண்டு பிடிபட்ட இடம், திகதி, ஓட்டின் அகலம் ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதி, கீறிய பிள்ளையின் பெயரையும் முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.