ஸ்டோரில் வந்து நின்றவர்

அன்புள்ள அம்மா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஓட்டுநர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று சம்பளம். பெரிய முதலாளி ஒதுங்கி, மகன் பொறுப்பேற்று ஓராண்டு ஆகிறது. நல்லவர். எங்களை ஈப்போவுக்கு அழைத்துப் போய் நிறுவனத்தின் தொலைநோக்கைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். ‘பாதுகாப்பே முதல்’ என்று பலகையும் மாட்டினார். ஆனாலும் பிரேக் சரியில்லை என்பதை மறைத்துக்கொண்டுதான் இன்றும் ஓட்டுநர்கள் லோரியை எடுக்கிறார்கள். தலைவரின் கனவு ஒரு நிறுவனத்தின் பழக்கத்தை மாற்றும் என்பது உண்மைதானா?

ஒரு வாசகர்


அன்புள்ள தம்பி,

மாற்றும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறையில், பால் வடியும் மங்குகளைத் துடைக்க நானும் கூடப் போவேன். வெட்டு முடிந்ததும் ஸ்டோரில் வரிசை நிற்கும். பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி மிதக்கவிடுவார். அது அடங்கி நிற்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்வார். எண் குறைந்தால் கூலி குறையும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தவருக்கு மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், ஏறி இறங்க வேண்டிய மேட்டு மர நிரைதான்.

அங்கே புதிதாக ஒரு நிர்வாகி வந்தார். பெரட்டுக்களத்தில் அவர் நேர்மையைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் ஸ்டோரில் வந்து நின்றார். அம்மாவுக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, “ஐயா, அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டார். வரிசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நிர்வாகி குனிந்து, நுரையை விரலால் ஒதுக்கி, கருவி அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து தானே எண்ணைப் படித்தார். புத்தகத்தில் இருந்ததை அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்டார். இரவெல்லாம் அம்மா தூங்கவில்லை. விடிந்து பெரட்டுக்குப் போனால், அவருக்கு வழக்கமான அதே நிரை.

அதே நிரை கிடைத்ததுதான் லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சானது. கொஞ்ச நாளில் கிராணியே “வந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

பிறகு அந்த நிர்வாகி மாற்றலாகிப் போனார். சில மாதங்களில் எல்லாம் பழையபடி ஆனது. அந்த வலி இன்றும் எனக்கு ஆறவில்லை. அந்த ஒழுங்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது, அவரோடு போய்விட்டது.

உங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். வேலையோடு வீடும் போய் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தொழிலாளியே தோட்டத்துக்கு உரிமையாளராக வேண்டும் என்பது சம்பந்தனின் கனவு. அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய் மக்களைச் சேர்த்தார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 100 வெள்ளி (அன்றைய டாலர்) பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள் நம் ஆட்கள். அன்றைய கூலியில் 10 வெள்ளி சின்னத் தொகையா? அவர் 1979இல் மறைந்த பிறகும் சங்கம் நிற்கிறது. தன் கனவை அவர் பங்குப் பத்திரமாக்கித் தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவிட்டார் அல்லவா?

உங்கள் கடிதத்தில் பலகையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, நடைக்கு இவ்வளவு என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. பிரேக் கெட்டிருக்கிறது என்று சொன்னால் லோரி பட்டறைக்குப் போகும். ஓட்டுநருக்கு அன்றைக்கு நடை இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டில் உலை வைக்க வேண்டிய மனிதன் எப்படி வாய் திறப்பான்? பாதுகாப்பே முதல் என்று பலகை சொல்கிறது. சம்பளச் சீட்டு வேறொன்றைச் சொல்கிறது. அவன் சம்பளச் சீட்டைத்தான் நம்புவான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழுதைச் சொன்ன நாளுக்கும் கூலி உண்டு என்று முதலாளி எழுத்தில் கொடுக்கட்டும்.

கணக்குப் புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? இந்த ஓராண்டில் எந்த லோரி எத்தனை நாள் பட்டறையில் நின்றது, அந்த நாட்களில் ஓட்டுநர் கைக்கு என்ன போனது என்று ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நல்லவர் என்கிறீர்கள். இது அவர் கண்ணில் படாமலே இருந்திருக்கலாம்.

இப்போதே எந்த லோரியில் பிரேக் சரியில்லை என்று தெரிந்தாலும், தாள் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள், தம்பி. அந்தச் சாலையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள்.